மூக்கக்கா

"வெறும் வயித்துல வந்தியாப்பா?"

"ஆமாங்க."

"வாயைத் தொற."

அந்த ஆள் பயந்துபோய் வாயைத் திறப்பார். அக்கா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கொஞ்சம் குனிந்து ஒரே ஒரு மூச்சு இழுப்பார்.

"காபி. சிக்கிரி அதிகமா போட்டது. எழுந்து போய்ட்டு நாளைக்கு வா."

"ஒரு வாய்தாங்க குடிச்சேன்..."

"ஒரு வாயா இருந்தா இன்னா, ஒரு குண்டானா இருந்தா இன்னா? ரிப்போர்ட்டுல பொய் எழுத மாட்டேன் நான். போ."

பிள்ளையார்பாளையத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு போகிற வழியில், ஜெராக்ஸ் கடைக்கும் ஜரிகைக் கடைக்கும் நடுவில் இருந்த ரத்தப் பரிசோதனை லேப் அது. காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் இந்தக் கூத்தை நாலைந்து தடவையாவது பார்க்கலாம். ஊர் அவருக்கு வைத்த பெயர் மூக்கக்கா. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. போன வருஷம் மகன் வேலை பார்க்கிற ஊருக்குக் குடிபோய்விட்டார். இதைப் படித்தால், "பட்டு வேக வைக்கிறவனுக்குப் பேனா எதுக்குப்பா?" என்று கேட்பார். கேட்கட்டும்.

நாற்பத்தைந்து வயதிருக்கும் அப்போது. தாமலில் இருந்து முதல் பஸ்ஸில் வருவார். ஒல்லி உடம்பு, முழங்கை வரைக்கும் மடித்துவிட்ட வெள்ளைக் கோட்டு, கொண்டையில் எந்நேரமும் ஒரு துண்டு மரிக்கொழுந்து. மூக்கு ஒன்றும் பெரிசு கிடையாது, சாதாரண மூக்குதான். ஆனால் அந்த மூக்கில் ஏறாமல் எதுவும் அவர் கைக்குப் போகாது. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும் முன்னால் மோந்து பார்ப்பார். புது ஊசிப் பெட்டியைப் பிரித்தால் மோந்து பார்ப்பார். "ஏரிப் பக்கம் மழை புடிச்சிடுச்சு, வண்டியை உள்ள தள்ளுங்கப்பா" என்பார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அரைமணி நேரத்தில் தூறும்.

ஒரு தடவை ஒரு பெரியவர் காய்ச்சல் என்று வந்தார். அக்கா பக்கத்தில் போனவுடனே முகம் மாறிவிட்டது. ரத்தமே எடுக்கவில்லை. "இவர் மூச்சுல அழுகின பழ வாசனை வருது, சுகர் எக்கச்சக்கமா ஏறியிருக்குது, உடனே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று ஆட்டோவைக் கூப்பிட்டு அவரே ஏற்றிவிட்டார். பெரியவர் பிழைத்தார். நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். அக்கா வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "மருந்து போட்டுப் பழுக்க வச்சிருக்கான், நீங்களும் தின்னாதீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பாவம் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் மாட்டிக்கொண்டேன்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கூட்டிலிருந்து எடுத்த பட்டு நூலின் மேல் ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிதண்ணீரில் வேக வைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் பட்டு பளபளக்கும், சாயம் பிடிக்கும். அந்த ஆவி குடலைப் புரட்டுமாம். எங்கள் பட்டறையில் எல்லோரும் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நிற்பார்கள், அரைமணிக்கு ஒரு தரம் வெளியே ஓடுவார்கள். நான் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அண்டா பக்கத்திலேயே நிற்பேன். அங்கேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவேன். பட்டறையை நடத்துகிற மாமா ஊரெல்லாம் பெருமை பேசுவார். "வேலைன்னா இவனை மாதிரி இருக்கணும், நாத்தம் கீத்தம் ஒண்ணும் பார்க்க மாட்டான், தங்கம்" என்று. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இருபத்தெட்டு வயது வரைக்கும் என் ஊனத்தை வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து பாராட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கு வாசனை தெரியாது. தெரியாது என்பதே தெரியாது.

நம்புவது கஷ்டம்தான். ஸ்பிரிட், நவச்சாரம் இதெல்லாம் மூக்கில் சுருக்கென்று குத்தும். அதைத்தான் வாசனை என்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். மற்றபடி சாம்பார் மணக்குது, பூ மணக்குது என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது, கல்யாண வீட்டில் "சாப்பாடு பிரமாதம்" என்கிற மாதிரி ஒரு மரியாதை என்று நம்பினேன். எப்போது சொல்ல வேண்டும் என்று மற்றவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இட்லிப் பானையைத் திறந்தால் "கமகமன்னு இருக்குது" என்பேன். குப்பை வண்டி போனால் மூக்கைப் பொத்துவேன், ஒரு வினாடி தாமதமாக.

அதோடு இன்னொன்றும் இருந்தது. மீசை இல்லை. குரல் உடையவே இல்லை. போனை எடுத்தால், "அம்மா இருக்காங்களா பாப்பா?" என்று கேட்பார்கள். "எங்க வீட்டுக்காரர் வழியில எல்லாருக்கும் லேட்டாதான்" என்று அம்மா சமாளித்து, அந்த முகத்தோடேயே எனக்கு வாணியைக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார். குடித்தனம் எப்படி இருந்தது என்று விளக்கமாக எழுத மாட்டேன். அவள் பொறுமைசாலி. அவ்வளவுதான்.

மூன்று வருஷம் குழந்தை இல்லை. கேட்க வேண்டுமா? டெஸ்ட், ஸ்கேன், மாத்திரை, எல்லாம் வாணிக்கு. ஒவ்வொரு தடவையும் "எல்லாம் நார்மல்" என்று வரும். ஒவ்வொரு தடவையும் அம்மா, "அப்புறம் இன்னா கேடு?" என்பார். நான் அவளை வண்டியில் கூட்டிப்போய் லேப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். "ஆம்பளைக்கு இன்னா டெஸ்டு?" என்று அம்மா சொன்னதன் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டிருந்தேன். என் உடம்பில் ஏதோ இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் மாகறலில் ஒரு பெண் இருக்கிறாள் என்று பேச்சு வந்தது. எனக்குத்தான், இரண்டாவதாக. அம்மா நேராகச் சொல்லவில்லை, அத்தையிடம் போனில் சொன்னார், வாணி காதில் விழுகிற மாதிரி. வாணி பீரோவில் மடித்து வைத்திருந்த புடவைகளை எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். "அடுத்த மாசம் வரைக்கும் பார்க்கலாம்ங்க" என்றாள். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் எலி செத்தது.

வாணிக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தோம். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் எழுந்து வெளியே போனார், இன்னொருத்தர் போனார். ஒரு பாட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடினார். வாணியும், "வெளிய வாங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே வெயில் என்று நான் போகவில்லை. கூட்டம் குறைந்தது நல்லதாகப் போயிற்று என்று காலை நீட்டிக்கொண்டு, வாங்கி வைத்திருந்த பன்னைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தேன்.

நிமிர்ந்தால் வாசலில் அக்கா. மூக்கில் கோட்டின் நுனியை அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தபடி நிற்கிறார்.

"உனக்கு நாறல?"

"நாறுதே" என்று மூக்கைப் பொத்தினேன்.

"எங்கிருந்து வருது?"

நான் பொத்தாம்பொதுவாகத் தெருப்பக்கம் கையைக் காட்டினேன். அக்கா வந்து என்னை எழுப்பிவிட்டு, பெஞ்சை இழுத்தார். நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழே, உப்பிப்போய், எறும்பு மொய்த்துக்கொண்டு கிடந்தது எலி.

பெருக்குகிறவரைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொன்னார். என்னை உள்ளே கூட்டிப்போய், வாணி உட்காருகிற நாற்காலியில் உட்கார வைத்தார். "கண்ணை மூடு. மூக்கு கிட்ட ஒண்ணு வைக்கிறேன், இன்னான்னு சொல்லு."

"சுருக்குனுது. ஸ்பிரிட்டு."

"சரி. இது?"

"இன்னும் வைக்கலியே."

"வச்சிருக்கேன். காபித்தூள்." கொஞ்சம் இடைவெளி. "இது?"

"வையுங்கக்கா, ரெடி."

கண்ணைத் திறக்கச் சொன்னார். அவர் கொண்டையில் இருந்த மரிக்கொழுந்து என் மூக்கை உரசிக்கொண்டிருந்தது. வாணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கல்யாணத்தன்னிக்கு நாலு முழம் மல்லி வச்சிருந்தேன். வாசனை தூக்குதுன்னு சொன்னீங்களே?"

"பூவைப் பார்த்தேன். சொன்னேன்."

வாணி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று! சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாகிவிட்டது.

அக்கா என்னைத் திட்ட ஆரம்பித்தார். அடேயப்பா, அந்தத் திட்டு. "மூணு வருஷமா இந்தப் பொண்ணு ரத்தத்தையே உறிஞ்சிக்கினு இருக்கேன் நான். ஊசி போட எடமில்லாம கையெல்லாம் நீலமா கெடக்குது. நீ பெஞ்சில உக்காந்து பேப்பர் படிச்சிக்கினு இருக்கிற. உன் ரத்தத்தை ஒரு நாளாவது எடுத்தேனா? கையை நீட்டு!"

நீட்டினேன். அவர் சென்னையில் ஒரு பெரிய லேப்பில் வேலை பழகியபோது அங்கே ஒரு ஹார்மோன் டாக்டர் இருந்தாராம். மீசை முளைக்காத வாலிபர்கள் வந்தால் முதலில் மேஜை டிராயரில் இருந்து காபித்தூள் டப்பாவைத்தான் எடுப்பாராம். "மூக்கும் அதுவும் ஒண்ணா கெளம்புறதுன்னு அவரு சொல்வாரு. நான் டாக்டர் இல்லப்பா, எனக்கு அவ்ளோதான் தெரியும். ஆனா நீ போய்க் காட்டணும்."

ரிப்போர்ட் வந்தது. எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்று இரண்டு ஹார்மோன். இரண்டும் இருக்கிறது என்று சொல்லக்கூட முடியாத அளவு. அதை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அந்த டாக்டர் சொன்னதை நான் அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அம்மா வயிற்றில் இருக்கும்போது, மூளையில் உட்கார்ந்து உத்தரவு போட வேண்டிய சில செல்கள் முதலில் மூக்குப் பக்கம்தான் உண்டாகின்றனவாம். வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டே நடந்து மூளைக்குப் போய்ச் சேர வேண்டுமாம். எனக்கு அந்த நரம்பு போய்ச் சேரவில்லை. அதனால் அவையும் போகவில்லை. பருவ வயது வந்ததும், ஒன்றரை மணி இரண்டு மணிக்கு ஒரு தரம் மூளையிலிருந்து விட்டு விட்டு ஒரு சேதி கிளம்ப வேண்டும். அதைக் கேட்டு அடியிலுள்ள சுரப்பி அந்த இரண்டு ஹார்மோனை அனுப்ப வேண்டும். என் விஷயத்தில் முதல் சேதியே கிளம்பவில்லை.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மூளையில கோளாறா? எம்புள்ளை பைத்தியமா?"

மறுநாள் என்னை விட்டுவிட்டுத் தனியாக லேப்புக்கே போய்விட்டார் சண்டைக்கு. நான் பதறிக்கொண்டு பின்னால் போனேன். அக்கா என் அம்மாவை உட்கார வைத்து, பால் பாக்கெட்டை மோந்து பார்த்து, டீ போட்டுக் கொடுத்தார்.

"தறி பழுதில்லம்மா. நூல் இருக்குது, பாவு ஏத்தியாச்சு. நெய்யுன்னு சொல்ற மேஸ்திரி மட்டும் வரல. தறி சும்மா நிக்குது. அந்த மேஸ்திரி சொல்ல வேண்டியதை நாம ஊசியில சொல்லப் போறோம். பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அம்மா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "அப்ப அந்தப் பொண்ணு மேல...?"

"ஒரு குறையும் இல்ல. மூணு வருஷமா ரிப்போர்ட் குடுக்கிறேனே, படிக்கலியா நீங்க?"

அம்மா படிக்கத் தெரியாதவர். அன்று வீட்டுக்கு வந்து வாணிக்குக் காபி போட்டு அவர் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். மாகறல் பேச்சு அதோடு போயிற்று. மன்னிப்பெல்லாம் எங்கள் வீட்டில் அப்படித்தான் கேட்போம்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் ஊசி. போடுவது அக்கா. மூன்றாம் மாதம் என் குரல் உடைந்தது. இருபத்தொன்பது வயதில்! பட்டறையில் "சோடாவை எடு" என்று கத்தினால் பாதி ஆம்பளைக் குரலிலும் பாதி பெட்டைக்கோழி மாதிரியும் வரும். "மாப்ள வயசுக்கு வந்துட்டான்டா, பொண்ணுங்களுக்கு மாதிரி புட்டு சுத்தணும்" என்று ஒரே கும்மாளம். முகமெல்லாம் பரு. போனில் பேசிய மாமியார், "ராங் நம்பரு" என்று வைத்துவிட்டார்.

அதற்கெல்லாம் முன்னாலேயே, இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், அக்கா ஊசி போடக் கையைத் தூக்கச் சொன்னவர் சட்டென்று நின்றார். குனிந்தார். அந்த ஒரு மூச்சு.

"வந்துடுச்சுப்பா!"

"இன்னாக்கா?"

"ஆம்பளை நாத்தம். இத்தினி நாளா உன் வேர்வை பச்சைக் குழந்தை வேர்வை மாதிரி இருந்துது. இன்னிக்கு நாறுற. ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும், எனக்கு இன்னிக்கே தெரியுது. உள்ள வேலை ஆரம்பிச்சிடுச்சு."

உலகத்தில் யாராவது நாறுகிறாய் என்று சொல்லி ஒருவன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பானா? வீட்டுக்குப் போய் வாணி முன்னால் கையைத் தூக்கிக் காட்டினேன். "அய்ய, ஆமாம், போய்க் குளிங்க" என்றாள். நான் குளிக்கவில்லை.

ஆனால் மீசை வந்ததே தவிர, வர வேண்டியது வரவில்லை. மாதிரியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அக்கா ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்குவார். இரண்டாவது ஹார்மோன் ஊசியும் சேர்ந்தது. ஒரு வருஷம் ஓடியது. நடுவில் ஊரடங்கு வேறு. பஸ் இல்லை. நான் வண்டியில் ஐஸ் வைத்த டப்பாவோடு தாமலுக்கே போவேன். வழியில் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"டப்பாவுல இன்னா?"

"ஊசி சார். குழந்தைக்கு."

"குழந்தை எங்க?"

"இனிமேதான் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அக்காவிடம் சொன்னேன். ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார்.

லேப் திறந்த பிறகு ஒரு நாள், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "இங்க வா" என்றார். நான் குனிந்து பார்த்தேன். வெளிச்ச வட்டத்தில் நாலோ ஐந்தோ, வால் முளைத்த புள்ளிகள். ஒன்று மட்டும் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னுதுதான்" என்றார் அக்கா.

அழுதுவிட்டேன். சொல்ல என்ன வெட்கம்.

அடுத்த வருஷம் வாணிக்கு நாள் தள்ளிப்போனது. அக்காதான் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "பச்சைக் குழந்தை தலையை மோந்தா ஒரு வாசனை வருமாமேக்கா. வாணி சொல்லிக்கினே இருக்குறா. எனக்குத் தெரியப் போறதில்ல. நீங்க மோந்து பார்த்து, எனக்குப் புரியுற மாதிரி சொல்லணும்."

"சொல்றேன்பா. ஒண்ணு விடாம சொல்றேன்."

பிறகு கொரோனா இரண்டாவது தடவை வந்தது. அக்காவும் படுத்தார். ஒன்றரை மாதம் கழித்து, பாதியாகக் கரைந்த உடம்போடு திரும்பி வந்தார். கொண்டையில் மரிக்கொழுந்து இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் வெறும் வயிறு என்று சொன்னார். சட்டையில் சட்னிக் கறை. அக்கா வாயைத் திறக்கச் சொல்லாமலே ஊசியைக் குத்தினார். அப்புறம் பால் பாக்கெட்டைக் கத்தரித்து, ஒரு தம்ளரில் கொஞ்சம் ஊற்றி, வெளிச்சத்தில் சாய்த்து ஓரத்தில் திரி திரியாக ஒட்டுகிறதா என்று பார்த்தார்.

அது நான் பால் பார்க்கிற விதம். மூக்கு இல்லாதவன் பார்க்கிற விதம். நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் கழித்து வாணியும் நானும் தூக்கிக்கொண்டு போனோம். அக்காவுக்கு வாசனை போய்விட்டது தெரிந்தேதான் போனேன். போகாமல் இருந்தால் அவர் கொடுத்த வாக்கை நானே பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து பாப்பாவை வாங்கினார். உச்சந்தலையில் மூக்கை வைத்தார். ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். மூன்றாவது.

"ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போயிடலாம்" என்றார், தலையைத் தூக்காமல். "பால் வாசனைன்னு சொன்னா நீ நம்பிடுவ. ஆனா பொய் எழுத மாட்டேன்பா நான். ஒண்ணுமே வரல. அஞ்சு மாசமா ஒண்ணுமே வரல தம்பி."

அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். வாணி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இல்லாமலே பிறந்தவன் நான், எனக்கு இழப்பு இல்லை. அவர் ஒரு ஊரையே மூக்கில் வைத்திருந்தவர். "திரும்பி வரும்க்கா, நிறைய பேருக்கு வந்திருக்குதாம்" என்றேன். வரவில்லை.

பாப்பா வளர வளர எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. என் குறை பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கும் மூக்கு இல்லையென்றால் மற்றதும் இல்லை. பெரியவளானதும் அவளும் என்னைப்போல ஏதோ ஒரு லேப்பில் உட்கார வேண்டும். அவளுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. வாணி பூவைக் கொடுத்தால் வாயில் போட்டு மென்றுவிடுவாள். சோதித்துப் பார்க்கலாம் என்பாள் வாணி. அப்புறம் பார்க்கலாம் என்பேன் நான். இரண்டரை வயதாகிவிட்டது.

அக்கா காதுக்கு இது எப்படியோ எட்டியது. போன் போட்டார். "மறுபடியும் பெஞ்சுலயே உக்காந்துக்கினு இருக்கிறியா நீ? கூட்டிக்கினு வா அந்தப் புள்ளையை."

கருட சேவைக்காக லேப்பை மூன்று நாள் பூட்டியிருந்தார்கள். நாலாம் நாள் மதியம் அக்கா மட்டும் வந்து திறந்து வைத்திருந்தார். வாணிக்கு உடம்பு சரியில்லை, நானும் பாப்பாவும்தான் போனோம். மேஜையில் மூன்று பஞ்சு உருண்டைகளைத் தயாராக வைத்திருந்தார். ஒன்றில் காபித்தூள், ஒன்றில் மல்லி, ஒன்று வெறும் பஞ்சு.

"வா கண்ணு, இந்த நாக்காலியில உக்காரு."

பாப்பா வாசற்படியைத் தாண்டவில்லை. முகத்தைச் சுளித்தாள். இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ச்சீ. நாறுது."

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சுத்தமாக, ஒன்றுமே தெரியவில்லை.

"எங்க கண்ணு நாறுது?"

பாப்பா ஒரு கையை மட்டும் எடுத்து, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அக்காவின் துணிப்பையைக் காட்டினாள். அக்கா அதைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார். குடை விழுந்தது, கண்ணாடிக் கூடு விழுந்தது, கடைசியில் ஒரு பாலிதீன் கவர் தொப்பென்று விழுந்தது. லேப் மூடுவதற்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் வாங்கி, பையோடு இங்கேயே மறந்துவிட்டுப் போன பலாச்சுளை. வைகாசி வெயிலில் நாலு நாள் கிடந்து கூழாகி, கறுத்து, நுரைத்துப் போயிருந்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தரம் சொல்லு கண்ணு" என்றார்.

"நாறுது."

"எவ்ளோ நாறுது?"

பாப்பா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள். உடனே மூக்கு ஞாபகம் வந்து திரும்பப் பொத்திக்கொண்டாள். நான் எலி செத்த அதே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று பஞ்சு உருண்டைகளையும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"டெஸ்டு முடிஞ்சுதுப்பா" என்றார். "வெளிய தூக்கிக்கினு போ. புள்ளைக்கு நாறுது இல்ல."